வெங்கடேஷுக்குப் பக்கத்து இடம்

தன்னைப் புதைக்கப் போகிற இடத்தில் தானே சாமை விதைத்து, களை எடுத்து, அறுத்துப் பொங்கியும் தின்கிற பெண்பிள்ளையைப் பாறைக்காட்டுக்கு வெளியே எங்கும் பார்க்க முடியாது. மலர் அதை வருடம் தவறாமல் செய்துவந்தாள். பார்க்கிறவர்களுக்குத்தான் திகில். அவளுக்கு அது வாசல் தெளிப்பது மாதிரி ஒரு வேலை.

பாறைக்காடு தலைச்சோலையைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்துக்கு மேலே இருக்கிறது. பெயருக்கேற்ற ஊர். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. அந்தப் பாறையே பெரிய மனசு பண்ணிக் கொஞ்சம் மண்ணைத் தலையில் சுமந்துகொண்டிருப்பதால்தான் அங்கே காப்பியும் மிளகும் விளைகின்றன. அப்படிப்பட்ட ஊரில், ஓடைக்கரை இடுகாட்டை விட்டால், ஆள் ஆழத்துக்கு மண் உள்ள துண்டு ஒன்று இருந்தது என்றால் அது மலருடைய அப்பா அவளுக்குக் கொடுத்த ரோட்டோரக் காடு ஒன்றுதான். அதில் இப்போது காப்பிச் செடி கிடையாது. அதற்குப் பெயர் பட்டாளத்தார் மேடு.

வீட்டுக்கு ஒருவனாவது பட்டாளத்துக்குப் போகிற ஊர் அது. மலையேறி இறங்கிக் கால் உரமாகிப்போன பையன்களை ஆளெடுப்பில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. போனவர்களில் சிலர் பென்ஷனோடு திரும்பினார்கள், சிலர் பெட்டியில் திரும்பினார்கள். பெட்டியில் வந்தவர்கள் அந்த மேட்டில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். முதலில் மலரின் கணவன் வெங்கடேஷ். அப்புறம் பனிச்சரிவில் சிக்கிய விஜயகுமார். அதற்கும் அப்பால், சிலுவை நட்ட கல்லறையில், எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்த மனுவேல். வெங்கடேஷுக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டிருந்தார்கள். அது மலருக்கு.

ஊரில் வழக்கம் அப்படி. புருஷன் முந்திக்கொண்டால், மறுகல்யாணம் வேண்டாம் என்று நிற்கிற மனைவிக்கு அவன் பக்கத்தில் இடம் உண்டு. ஆனால் அது தரிசாகக் கிடக்கக் கூடாது. ஆடி மழையில் அவள் சாமை விதைக்க வேண்டும், கார்த்திகையில் அறுத்து அவன் இறந்த நாளன்று பொங்கிப் படைக்க வேண்டும். பயிர் நிற்கிற அந்த இடத்தில் ஊர்க்கவுண்டரே ஆனாலும் மண்வெட்டி வைக்க மாட்டார். மறுகல்யாணம் செய்துகொண்டால் குற்றமில்லை. அந்த மக்கள் அதையெல்லாம் பெரிதுபண்ணுவதில்லை. ஆனால் அப்புறம் அவள் புதுப் புருஷன் வீட்டு இடுகாட்டுக்குத்தான் போக வேண்டும்.

இத்தனைக்கும் மலர் வெங்கடேஷோடு வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. அதிலும் லீவு நாட்களைக் கூட்டினால் ஒரு மாதம் தேறுமா என்பது சந்தேகம். இருபது வருடத்துக்கு முன்னால் எல்லையில் குண்டு பட்டு இறந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த அண்ணாதுரைதான் பெட்டியோடு கூட வந்தான். அண்ணாதுரை மலருக்குப் பங்காளி வீட்டு அண்ணன், வெங்கடேஷுக்கு மச்சான் முறை.

அன்றைக்கு ஊரே பதறிக்கொண்டிருந்தது. கலெக்டர் ஆபீஸ் ஆட்கள், பட்டாள அதிகாரிகள், துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள் என்று வந்து நிற்கிறார்கள். ஓடைக்கரை இடுகாட்டில் முழங்கால் சேறு. ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு மலரிடம் வந்து ரோட்டோரக் காட்டைக் கேட்டார். மலர் மாட்டேன் என்றாள். புருஷனும் போய், நிலமும் போனால் நான் எதை வைத்துப் பிழைப்பது என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள், ஆனால் அழுத்தமாகக் கேட்டாள். அப்போது அண்ணாதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சி, எங்கையப் புடிச்சிட்டுத்தான் அவன் உசுர உட்டான். 'மச்சான், என்ற மலரு காட்டுலயே என்னியப் படுக்க வையி. அவ வாற காலத்துல என்ற பக்கத்துலயே வரட்டும்'னு சொன்னான். இதுக்கு மேல உன்ற இஷ்டம் கண்ணு" என்றான்.

அதற்குமேல் அவளுக்கு ஏது இஷ்டம்? கொடுத்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற அன்பழகன் அவளைப் பெண் கேட்டான். நல்லவன். குடி கிடையாது. காப்பிப் பழம் பறிக்கிற பெண்களை மழையில் நனையவிடாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவான், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டான். மலருக்கும் மனசு சாய்ந்தது. சாய்ந்தது என்ன, விழுந்தே விட்டது. ஒரு நாள் அண்ணாதுரை லீவில் வந்தவன் அவள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வெங்கடேசு அங்க ஒத்தையிலே காத்துட்டுக் கெடக்கறான் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்பழகன் குப்பனூரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டான். மலர் அந்த ஆடியிலும் சாமை விதைத்தாள்.

அவளை யாரும் பாவம் என்று சொல்ல அவள் விட்டதில்லை. காப்பிப் பழம் பறிக்கப் போனாள், இரண்டு ஆடு வளர்த்தாள், அண்ணாதுரை பிள்ளைகள் தினேஷையும் பானுவையும் தோளிலும் இடுப்பிலும் தூக்கி வளர்த்தாள். ஊரில் எல்லோருக்கும் வீடும் காடும் இருந்தன. அவளுக்கு அவன் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. ஒரு மனுஷன் சாகும்போது தன்னை நினைத்து ஒதுக்கிவிட்டுப் போன இடம். காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட அந்த நினைப்பு அவளுக்குக் கம்பளி மாதிரி இருந்தது.

இந்த ஐப்பசியில் தினேஷ் செத்துப்போனான். அப்பனைப் போலவே பட்டாளத்துக்குப் போனவன். வடக்கே எங்கேயோ அவன் போன வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டது. செய்தி வந்த மத்தியானம் மலர்தான் முதலில் ஓடினாள். சென்னம்மாள் தரையில் தலையை மோதிக்கொண்டாள். மலர் தன் உள்ளங்கையை அவள் நெற்றிக்கும் தரைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் கூட்டாளி ஒருவனோடு ஃபோனில் பேசிவிட்டு அண்ணாதுரை உள்ளே வந்து, "கடைசியா உன்னியத்தான் கூப்புட்டானாம் சென்னம்மா. அம்மான்னு ஒரு தரம் கூப்புட்டுட்டுத்தான் கண்ண மூடுனானாம்" என்று சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் சென்னம்மாள் தலையை மோதுவதை நிறுத்தினாள்.

பெட்டி மறுநாள் மத்தியானம் வரும் என்று தகவல். மகள் பானு சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். அண்ணாதுரை மலரைத் தனியே கூப்பிட்டான்.

"பானுகிட்ட யாரு தங்கச்சி சொல்றது? ஃபோன்ல சொன்னா புள்ள ஒடஞ்சு போயிருவா. நீ போயி பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வா. இந்த வலி தெரிஞ்சவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

"நானே போறேனுங்க அண்ணா. நீங்க அண்ணியப் பாத்துக்கங்க" என்றாள் மலர். இவ்வளவு பெரிய காரியத்துக்குத் தன்னை நம்பினானே என்று அந்தத் துக்கத்திலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. காலைப் பஸ்ஸில் போகும்போது, எந்த வார்த்தையில் தொடங்குவது, எங்கே உட்காரவைத்துச் சொல்வது என்று அதையே யோசித்துக்கொண்டு அடிவாரம் வரை போனாள். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. சூதுவாது தெரியாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. சந்தையில் அவளிடம் ஆடு வாங்கி ஏமாற்றியவன் கிடையாது. ஆனால் அண்ணாதுரை சந்தை இல்லையே.

மலர் சொன்னதும் பானு மயங்கித் தெளிந்தாள். வாடகை ஜீப்பில் மலரின் மடியில் முகம் புதைத்துக்கொண்டே வந்தாள். மழையில் மண் சரிந்ததால் அடிவாரத்து ரோட்டை மூடிவிட்டார்கள். குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே வந்தார்கள். ஊருக்குள் நுழையும்போதே தப்பட்டைச் சத்தம் கேட்டது.

அண்ணாதுரை வீட்டு வாசலில் ஆடுகள் கட்டியிருந்தன. அவற்றின் முன்னால் ஒரு கட்டுப் பச்சைத் தீனி கிடந்தது. மலர் ஜீப்பிலிருந்து ஒரு காலை ஊன்றியவள் அதைப் பார்த்தாள். சாமைப் பயிர். வேரில் மண்ணோடு, அப்போதுதான் கதிர் பிடிக்கத் தொடங்கிய சாமை. ஐப்பசியில் பாறைக்காட்டு ரோட்டோரத்தில் சாமை நிற்பது ஒரே இடத்தில்தான். ஆடு ஒன்று நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே மென்றது.

இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டே பானுவை அணைத்தபடி மேட்டுக்கு நடந்தாள். இருந்தது. வெங்கடேஷின் கல்லறைக்கு இடப்பக்கம், அவள் விதைத்த இடத்தில், கருப்பாக ஈரமாகக் குழி. குழிக்குப் பக்கத்தில் கொடி போர்த்திய பெட்டி. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள், பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எல்லோருக்கும் தெரியும். அவள் பஸ் ஏறினபோதே தெரியும்.

கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் எப்படிக் கத்துவது? அவள் தூக்கி வளர்த்த பிள்ளை பெட்டிக்குள் கிடக்கிறான். அவன் தங்கை இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறாள். கொடி போர்த்திய பெட்டிக்கு முன்னால், இது என் குழி என்று எந்தப் பெண்பிள்ளை சண்டை போட முடியும்? அண்ணாதுரை அதைத்தான் கணக்குப் போட்டிருந்தான். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பெட்டி இறங்கியது. ஐயாக்கண்ணு பெண்களில் முதல் ஆளாக அவளைத்தான் மண் போடக் கூப்பிட்டார், அத்தை முறை என்று. மலர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தன் குழியில் தானே போட்டாள்.

காரியம் முடிகிற வரை அவள் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், சென்னம்மாளுக்குத் தலை வாரிவிட்டாள். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மலரு பெரிய மனசுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். ஊருக்கு வேண்டியபோதெல்லாம் ஒருவரைப் பெரிய மனசுக்காரி ஆக்கிவிடுவது ரொம்ப சுலபம்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் அண்ணாதுரையைத் தேடிப் போனாள். அவன் வீட்டுக்குப் பின்னால் களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். அந்தச் சில நாட்களிலேயே கிழவனாகியிருந்தான். அதைப் பார்த்து அவள் மனசு இளகத்தான் பார்த்தது. இளகவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க அண்ணா."

அவன் நிமிரவில்லை. "கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

"கேக்காம எப்படித் தெரியுமுங்?"

"வேற எங்க தோண்டறது? நாலு எடத்துல கடப்பாறை போட்டுப் பாத்தம் தங்கச்சி. ரெண்டடிக்குக் கீழ பாறை. பெட்டி வந்துட்டே இருக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒங்க எடம் இருந்துச்சேங்க."

கிளறுகிற கட்டை நின்றது. மேட்டின் அந்தக் கோடியில், சவுக்கு மரத்தடியில், நல்ல ஆழமான மண் உள்ள ஓர் இடத்தைக் கல் நட்டு அண்ணாதுரை தனக்கென்று வைத்திருந்தான். இவள் இடத்தைத் தோண்டினவர்கள் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் நடந்திருக்க வேண்டும்.

"நானும் பட்டாளத்தான் தங்கச்சி. நாளைக்கு நான் போனா எங்க போறது? எம்பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு, ஒரே மேட்டுல இருந்தாத்தான்..." கட்டையால் மறுபடி கிளறத் தொடங்கினான். "அது சிப்பாய்ங்க எடம். நீ சிப்பாய் இல்லியே கண்ணு."

"இது சிப்பாய்ங்க எடமுங்களா? இது என்ற அப்பன் எடமுங்க அண்ணா. என்ற ஊட்டுக்காரரு கேட்டாருன்னு குடுத்தேன். சாகப்போற மனுசன் ஒங்க கையப் புடிச்சிட்டுச் சொன்ன சொல்லு அது. அதப்போயி நீங்க மீறலாமுங்களா? அவரு அங்க படுத்துட்டுக் கேக்க மாட்டாருங்களா?"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணாதுரை சுற்றுமுற்றும் பார்த்தான். யாராவது வந்துவிடப் போகிறார்களே என்ற பயமும், மகனைப் பறிகொடுத்தவனிடம் இப்படிக் கேட்கிறாளே என்ற கோபமும் சேர்ந்து அவனைப் பிடித்து உலுக்கின.

"அவன் ஒண்ணும் சொல்லல" என்றான்.

"என்னங்க?"

"சொல்லலீங்கறேன். குண்டு நெத்தியில பட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கையப் புடிக்கறதாவது, பேசறதாவது."

மலர் களத்துக்குள் இறங்கி அவனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அப்பறம் ஏனுங்க...?"

"ஆபீசருங்க வந்து நிக்கறாங்க. கவுண்டரு எடம் வேணுங்கறாரு. நீ தரமாட்டேங்கற. ஊரு மானம் போகுது. சொன்னேன். உனக்கும் அது ஆறுதலாத்தானே இருந்துச்சு? இத்தன வருசம் அத வெச்சுத்தானே நீ நிமுந்து நடந்த?"

"ஆறுதலா இருந்துச்சுங்க" என்றாள் மலர். அப்புறம் மெதுவாக, ஏற்கெனவே பதில் தெரிந்துவிட்ட கேள்வியைக் கேட்டாள். "அன்பழகன் பொண்ணு கேட்டப்போ வந்து தண்ணி வாங்கிக் குடிச்சீங்களேங்க அண்ணா. அதும் எனக்கு ஆறுதல் சொல்லத்தானுங்களா?"

அண்ணாதுரை காப்பிக்கொட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ இன்னொருத்தனக் கட்டிட்டா அவன் வந்து எடத்தத் திருப்பிக் கேப்பானோன்னு கவுண்டரு பயந்தாரு. எல்லாருந்தான் பயந்தாங்க. அதுக்குள்ளாற விஜயகுமாரையும் அங்க வெச்சுட்டமல்ல."

மலர் திரும்பி நடந்தாள். அழுகை வரவில்லை. அழுகைக்கு யாராவது செத்திருக்க வேண்டும். இங்கே செத்துப்போனது அவளுடைய இருபது வருடம், அதற்கு எந்த முறையில் ஒப்பாரி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேட்டைக் கடக்கும்போது வெங்கடேஷின் கல்லறை முன்னால் நின்றாள். அவன்மேல்கூட ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லக்கூடவா உங்களுக்கு நேரம் இல்லை என்று கேட்டாள். கேட்டபிறகு, நெற்றியில் குண்டு வாங்கினவனிடம் என்ன கேள்வி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஆத்திரம் போகவில்லை. அவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கல்யாணப் படத்தில் இருக்கிற முகம்தான் வந்தது, அவளாக நினைவில் வைத்திருந்த முகம் எதுவும் வரவில்லை.

கார்த்திகையில் பட்டாளத்தார் நாள் வந்தது. வெங்கடேஷ் இறந்த நாளைத்தான் ஊர் அப்படிக் கொண்டாடுகிறது. சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார், பந்தல் போட்டு மைக் கட்டுவார்கள். மலர் சாமைப் பொங்கல் படைத்து விளக்கேற்றுவாள், அண்ணாதுரை வெங்கடேஷின் கடைசி நிமிஷத்தைச் சொல்லுவான். வருடா வருடம் அதே கதைதான். இருந்தாலும் பெண்கள் முந்தானையை எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வருடம் படைக்கச் சாமை இல்லை. மலர் போகாமல் இருந்திருக்கலாம். போனாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தன்னை எதிரில் வைத்துக்கொண்டு அவன் அதைச் சொல்வானா? சொல்லாமல் விட்டால்போதும். சொல்லாமல் மைக்கைக் கீழே வைத்துவிட்டால், அதையே ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொண்டு எழுந்து போய் விளக்கேற்றிவிடலாம் என்று நினைத்தாள். அவ்வளவு மலிவாக மன்னிக்கத் தயாராக இருந்தாள்.

அவளை முன்வரிசையில் அதிகாரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அண்ணாதுரை மெடல்களைக் குத்திக்கொண்டு மைக்கின் முன்னால் வந்தான். மகனைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். அப்புறம் நிறுத்தினான். மலரைப் பார்த்தான். மலரும் அவனைப் பார்த்தாள். ஊர் காத்திருந்தது. ஐயாக்கண்ணு கீழேயிருந்து, "வெங்கடேசு சொன்னதச் சொல்லு" என்றார்.

"எங்கையப் புடிச்சிட்டுத்தான் அவன் உசுர உட்டான்" என்றான் அண்ணாதுரை. "'மச்சான், என்ற மலரு காட்டுலயே என்னியப் படுக்க வையி'ன்னான்..."

பக்கத்து இடத்தைப் பற்றிய பாதியை மட்டும் இந்த வருடம் விட்டுவிட்டான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மலரிடம் திரும்பி, "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?" என்று கேட்டார். இருபது வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

மலர் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"அண்ணன் சொன்னது பொய்யிங்க" என்றாள். தன் குரல் ஒலிபெருக்கியில் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. "எங்க ஊட்டுக்காரரு ஒண்ணுஞ் சொல்லலீங்க. அண்ணனே என்றகிட்டச் சொன்னாரு. என்ற நெலத்துக்காகச் சொன்ன பொய்யிங்க அது. அத நம்பித்தான் நான் ஒருத்தரயும் கட்டாம இங்க..."

மைக் செத்துப்போனது. ஐயாக்கண்ணு வயரைப் பிடுங்கியிருந்தார். "புள்ளைய எழந்த ஏக்கம். தூக்கி வளத்தவ பாருங்க, மனசு பேதலிச்சுப் பேசுதுங்க" என்று அதிகாரியிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அதிகாரி பரிதாபமாகத் தலையாட்டினார். பெண்கள் நாலைந்து பேர் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். வா மலரு, வா கண்ணு, தண்ணி குடி என்று முதுகைத் தடவினார்கள். ஒருத்தியாவது அப்படியா என்று கேட்கவில்லை. அண்ணாதுரை நின்ற இடத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கைகளை உதறிக்கொண்டு பந்தலை விட்டு வெளியே வந்தாள். விளக்கு ஏற்றாமலே இருந்தது. யாரோ பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. சென்னம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மலரின் கையைப் பிடித்தாள்.

"மலரு, நெசந்தானா? வெங்கடேசு ஒண்ணுஞ் சொல்லலையா?"

"இல்லீங்க அண்ணி."

சென்னம்மாளுக்கு உதடு கோணியது. "அப்ப எம்பையன்? கடைசியா அம்மான்னு என்னியக் கூப்புட்டான்னு சொன்னாரே... அதுவும் இவரு..." மலரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மலர் அவளைப் பார்த்தாள். இவளும் தெரிந்தவள்தான். பச்சைப் பயிரைப் பிடுங்கிவந்து இவள் வாசலில்தான் போட்டார்கள். அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, பத்திரமாப் போய்ட்டு வா என்று சொல்லி அனுப்பியதும் இவள்தான். ஒரு வார்த்தை போதும். எனக்குச் சொன்ன வாய்தானே உங்களுக்கும் சொன்னது என்று கேட்டுவிட்டுப் போனால் போதும், தினமும் ராத்திரி அண்ணாதுரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு கிடப்பான். உண்மை என்னவென்று அவளுக்கே தெரியாது. ஆனால் உண்மையாக இருக்காது என்றுதான் அவள் மனசு சொன்னது. பள்ளத்தில் உருண்ட வண்டியில் யார் யாரைக் கூப்பிட்டதை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

சென்னம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்கடேஷின் பெட்டி வந்த அன்று தானும் இப்படித்தான் அண்ணாதுரையின் வாயைப் பார்த்திருப்போம் என்று மலருக்குத் தோன்றியது.

"அது நெசமுங்க அண்ணி" என்றாள். "தினேசு ஒங்களத்தான் கூப்புட்டான்."

சென்னம்மாள் அப்படியே அவள் தோளில் சாய்ந்து, பெற்ற வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மலர் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் தன் வாயாலேயே அதே பொய்யைச் சொல்ல வைத்துவிட்டானே என்று அண்ணாதுரைமேல் அவளுக்கு அப்போது வந்த ஆத்திரம், குழியைப் பார்த்த அன்றுகூட வந்ததில்லை. பந்தலில் வயரை மறுபடி மாட்டிவிட்டார்கள். விளக்கேற்ற வரும்படி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.